பிராம் ஸ்டோக்கர்ஸ் டிராகுலா (1992): துணி தாங்கி நிற்கிற படம்

கோட்டை வாசலில் கையில் விளக்கோடு கிழட்டு டிராகுலா வந்து நிற்கும்போது எல்லோரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அவனுக்குப் பின்னால் தரையில் இழுபடும் சிவப்புத் துணியைப் பார்ப்பேன். நெஞ்சில் பொன்னிழையில் ஒரு சின்னம், தோளிலிருந்து கனமாக இறங்கும் சரிவு, அதன்பின் முடிவே தெரியாமல் போகிற ஒரு வால். அவன் திரும்பி நடந்து சட்டகத்தைத் தாண்டிவிடுவான். துணி இன்னும் போய்க்கொண்டிருக்கும். இவன் நானூறு வருடமாகச் சாகாமல் கிடப்பவன் என்பதை வசனம் சொல்வதற்கு முன்பே தையல் சொல்லிவிடுகிறது.

நான் மேடைக்கு உடை தைப்பவள். நாடகம், நாட்டியம், எப்போதாவது குறும்படம். ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் இந்தப் படத்தை வீடியோ கேசட் காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். அண்மையில் 4கே பிரதியில், பெரிய திரையில், நல்ல ஒலியோடு மறுபடி பார்த்தேன். முப்பது வருடம் தாண்டியும் படம் நிற்கிறதா என்று கேட்டால், முக்கால் பங்கு கம்பீரமாக நிற்கிறது என்பேன். அந்த முக்கால் பங்கையும் தாங்குவது துணியும் கைவேலையும்தான். மிச்சக் கால் பங்கு ஆட்டம் காண்கிறது. ஆட்டம் காண்பது கதையில், அதுவும் ஒரே ஒரு பெண்ணை அது நடத்துகிற விதத்தில். அதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1462. வாலாக்கிய இளவரசன் விளாட் துருக்கியரோடு போரிட்டு வென்று திரும்புகிறான். அவன் செத்துவிட்டான் என்று வந்த பொய்ச் செய்தியை நம்பி மனைவி எலிசபெத்தா அதற்குள் ஆற்றில் குதித்துவிட்டாள். தற்கொலை செய்துகொண்டவளுக்கு மீட்சி இல்லை என்கிறார் பாதிரியார். அவன் கடவுளை மறுதலித்துச் சிலுவையில் வாளைச் செருகுகிறான், சிலுவையிலிருந்து ரத்தம் பெருக்கெடுக்கிறது. அவன் சாகாத காட்டேரி டிராகுலாவாகிறான். 1897. லண்டனில் நிலம் வாங்கும் வேலையாக அவன் கோட்டைக்கு வருகிறான் ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல். அவனுடைய வருங்கால மனைவி மினாவின் படத்தில் எலிசபெத்தாவின் முகம். டிராகுலா கப்பலேறுகிறான்.

1897-இல் வெளியான ஸ்டோக்கரின் நாவலில் இந்தக் காதல் கிடையாது. அங்கே டிராகுலா வேட்டையாடுகிற மிருகம், அவ்வளவுதான். மறுபிறவிக் காதலைத் திரைக்கதையில் நடுநாயகமாக வைத்தவர் ஜேம்ஸ் ஹார்ட். தலைப்பில் நாவலாசிரியரின் பெயரைப் போட்டுவிட்டு அவர் எழுதாத காதலை உள்ளே வைத்தது சரியா என்ற கேள்வி நியாயமானது. விட்ட குறை தொட்ட குறை என்று வளர்ந்த எனக்கு அந்த முடிச்சு ஒரு தடங்கலாகவே இல்லை. போன பிறவியில் ஆற்றோடு போனவளை இந்தப் பிறவியில் தேடி வருகிறான். அதை நான் உடனே ஏற்றுக்கொள்கிறேன்.

உடைக்கு வருகிறேன். கொப்போலா படத்தை முழுக்க முழுக்க ஸ்டூடியோ அரங்குகளுக்குள் எடுப்பதென்று முடிவெடுத்தார். செலவு கைமீறும் என்று தயாரிப்பு நிறுவனத்துக்குப் பயம், அவருக்கும் பழைய கடன்களின் நினைவு. அரங்கத்தைச் சுருக்கி, பணத்தை உடையில் போடுவோம், உடையே அரங்கமாக இருக்கட்டும் என்று திட்டமிட்டார். பொதுவாக எங்கள் தொழிலில் நேர்வது இதற்கு நேரெதிர். அரங்கத்துக்கும் விளக்குக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் உடைக்கு வரும். ஒரு பெரிய இயக்குநர் வரிசையை அப்படியே திருப்பிப் போட்டார் என்பதற்காகவே நான் இந்தப் படத்தைக் கொண்டாடுவேன்.

அந்த நம்பிக்கையை அவர் வைத்தது எய்கோ இஷியோகாவின் மேல். டோக்கியோவில் பிறந்தவர், விளம்பரத் துறையில் பெயர் எடுத்தவர், கொப்போலாவின் வியட்நாம் போர்ப் படத்துக்கு ஜப்பானியச் சுவரொட்டி செய்தவர். காட்டேரிப் படங்களில் ஊறியவர் அல்ல. அதனால்தான் 1931-இல் பெலா லுகோசி போட்டதிலிருந்து எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த, காலர் தூக்கிய கறுப்புப் போர்வை அவரை ஒன்றும் செய்யவில்லை. இந்த வேலைக்காக 1993-இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. 2012-இல் காலமானார். இத்தனை வருடத்தில் வந்த காட்டேரிப் படங்களில் அவர் செய்ததைத் தாண்டிய உடை ஒன்றை நான் பார்க்கவில்லை.

முதல் காட்சியின் போர்க்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருஞ்சிவப்பு. உலோகத் தகடு என்று சொல்லவே வராது. தோலை உரித்தால் தெரியும் தசைநார்கள்போல வரி வரியாக ஓடுகிறது. தலைக்கவசமோ ஏதோ விலங்கின் மண்டை. தன் உடம்பை உள்ளிருந்து வெளியே திருப்பி அணிந்துகொண்ட மாதிரி நிற்கிறான். பிறகு கோட்டையில் அந்த நீள அங்கி, தலையில் இரண்டு மேடாக எழும் வெள்ளை முடி. லண்டனில் சாம்பல் நிற சூட்டும் உயரத் தொப்பியும் நீலச் சில்லு வைத்த சின்ன வட்டக் கண்ணாடியும். கடைசியில் பொன் அங்கி, ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் முத்த ஓவியத்தைப் பார்த்துச் செய்தது. ஒரே பாத்திரத்துக்கு நான்கு வெவ்வேறு நிழலுருவங்கள். முகத்தை மறைத்துவிட்டு வெறும் வெளிக்கோட்டைக் காட்டினாலும் எது எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம். உடை வடிவமைப்பில் இதைவிடப் பெரிய சோதனை எனக்குத் தெரியாது.

நிறம் எப்படி நகர்கிறது என்று கவனித்துப் பார்த்தால் இன்னும் மகிழ்ச்சி. தொடக்கத்தில் சிவப்பு டிராகுலாவின் சொத்து. மினா பெரும்பாலும் வெளிர்ப் பச்சையில், கழுத்துவரை மூடிய உடையில், இலைப் பூத்தையலோடு வருகிறாள். அவள் தோழி லூசி விருந்தில் தோன்றும் வெளிர் கவுனில் பாம்புகள் பின்னிக் கிடக்கின்றன. புயலடிக்கும் இரவில் தூக்கத்தில் நடந்து தோட்டத்துக்குப் போகும்போது லூசியின் மேல் நெருப்பு நிறத்தில் மெல்லிய துணி, காற்று அதை அவள் பின்னால் ஆள் நீளத்துக்கு இழுக்கிறது. அன்றைக்கு அவளை அவன் கடிக்கிறான். பிறகு ஒரு நாள் மினா மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அவனோடு ஆடும்போது அவள் கவுன் சிவப்பு. ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு நிறம் தொற்றிக்கொண்டே போகிறது. காட்டேரியை வேட்டையாட வரும் பேராசிரியர் வான் ஹெல்சிங் ரத்தத்தால் பரவும் நோய்களைப் பற்றி வகுப்பெடுப்பதும், நுண்ணோக்கியில் ரத்த அணுக்கள் மிதப்பதும் படத்தில் வருகின்றன. 1992-இல் எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்தது. அந்தப் பயத்தை ஒரு வசனமும் இல்லாமல் சாயம் சுமக்கிறது.

காலத்துக்குப் பொருந்துகிறதா என்று கேட்பவர்களுக்கு: கறாராகப் பொருந்தாது. இடுப்புக்குப் பின்னால் புடைத்து நிற்கும் பாவாடை 1880களோடு வழக்கொழிந்துவிட்டது. 1890களின் நடுவில் இங்கிலாந்துப் பெண்கள் தோளில் பலூன்போல உப்பிய கைகளைத்தான் அணிந்தார்கள். மினாவின் சிவப்பு கவுன் முந்திய பத்தாண்டைச் சேர்ந்தது. எனக்கு அது உறுத்தவில்லை. அவனோடு இருக்கும் நேரத்தில் அவள் காலத்தில் பின்னோக்கிப் போகிறாள், உடையும் கூடப் போகிறது. இஷியோகா இதை நினைத்துத்தான் செய்தாரா என்பது முக்கியமில்லை, படத்தில் அது அப்படித்தான் வேலை செய்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே லூசியின் கல்யாண உடை. கல்யாணத்துக்கென்று தைத்தது, அதிலேயே அவளை அடக்கம் செய்கிறார்கள், அதிலேயே எழுந்தும் வருகிறாள். வெள்ளை லேஸ். தலையைச் சுற்றி விசிறியாக விரிந்த பிரம்மாண்டமான கழுத்து மடல். ஆபத்து வந்தால் கழுத்துத் தோலை விரித்துச் சீறும் ஆஸ்திரேலியப் பல்லி ஒன்றிலிருந்து இஷியோகா அதை எடுத்தார். நாட்டிய உடையின் விசிறி மடிப்பு ஆடுபவள் அரைமண்டியில் அமரும்போது விரிகிற மாதிரி, இந்த மடலும் அவள் சீறித் தலையைத் திருப்பும்போதுதான் உயிர்பெறுகிறது. அவ்வளவு பெரிய மடல் அசையாமல் நிற்க வேண்டுமானால் உள்ளே கம்பியோ பக்ரம் என்ற விறைப்பான உள்துணியோ தாங்கியாக வேண்டும். ஆனால் வெளியே அது லேஸாகவே தெரிகிறது, விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விறைப்பையும் மென்மையையும் ஒரே துண்டில் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று தைப்பவர்களுக்குத் தெரியும். லேஸ் தொய்ந்தால் ஈரத்துணி, விறைத்தால் அட்டை.

அந்த உடையைப் போட்டுக்கொண்டு அவள் சவப்பெட்டிக்குத் திரும்பிப் போகும் காட்சிதான் படத்தின் தந்திரக் கலைக்கும் சிகரம். சிலுவையைக் கண்டு பின்வாங்கி, படியேறி, பெட்டிக்குள் சரிகிறாள். லூசியாக நடித்த சேடி ஃபிராஸ்டை பெட்டியிலிருந்து இறங்கி வரவைத்து எடுத்து, அந்தப் படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும், என்னவென்று தெரியாது. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் துணி காட்டிக்கொடுத்தது. நடக்கும்போது பாவாடையின் விளிம்பு எப்போதும் காலுக்குப் பின்னால் வந்து சேரும். இங்கே விளிம்பு முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்கிறது, கால் பிறகு வருகிறது. காற்றில் படிய வேண்டிய லேஸ் காற்றிலிருந்து எழுகிறது. உயிருள்ள உடம்பின்மேல் துணி இப்படி நடந்துகொள்ளாது. அந்த ஓரிரு விநாடிகளில் அவள் செத்தவள் என்பதை நம் கண் நம்பிவிடுகிறது. கணினியில் துணியை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் அது சரியாக விழத்தான் பார்க்கும். இந்தத் தவறான விழல்தான் பயமுறுத்துகிறது.

கணினியை வேண்டாமென்று விலக்கியது கொப்போலாவின் திட்டம். கதை நடக்கும் 1897 சினிமா பிறந்த சமயம். லூமியே சகோதரர்கள் பாரிசில் காசு வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பரில். அந்தக் காலத்து மாயங்களை வைத்தே இந்தப் படத்தை எடுப்பேன் என்றார். முதலில் அமர்த்திய தந்திரக் காட்சிக் குழுவினர் நவீன முறை இல்லாமல் முடியாது என்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வேலையை மகன் ரோமனிடம் கொடுத்தார். ஒரு முறை பதிவான ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அதன்மேலேயே மறுபடி படம்பிடிப்பது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை மேல்நோக்கிச் சொட்டவைப்பது, எலிகளை உத்தரத்தின் அடிப்பக்கத்தில் ஓடவைப்பது. கண்ணாடியில் வரைந்த ஓவியம், கைக்கெட்டும் பொம்மைக் கோட்டை. ஃபிலிமிலேயே இரட்டைப் பதிவு செய்வதில் ஓர் அபாயம் உண்டு. இரண்டாவது முறை பிசகினால் முதல் முறை எடுத்ததும் சேர்ந்து பாழ். நல்ல பட்டில் கத்தரி வைக்கிற கைக்கு வரும் நடுக்கம் அந்த ஒளிப்பதிவாளர்களுக்கும் வந்திருக்கும்.

ஹார்க்கர் ரயிலில் போகும் பகுதியை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கலாம். நாட்குறிப்பின் பக்கம் திரையின் கீழே விரிந்திருக்க, அதன் மேல் விளிம்பில் ரயில் ஓடுகிறது, புகையும் நிழலும் எழுத்தின்மேல் விழுகின்றன. அதற்காக ஒரு மாபெரும் புத்தகத்தைச் செய்து, பின்னால் சிறு ரயிலை ஓட்டியிருக்கிறார்கள். சிவந்த வானத்தில் இரண்டு கண்கள் மெல்லத் திறந்து அவனைப் பார்க்கின்றன. பெட்டிக்குள் அவன் முகத்தின்மேல் வரைபடம் ஊர்கிறது. அதற்குச் சற்று முன்னால், காதலர்கள் முத்தமிடும்போது மயிலிறகு குறுக்கே வந்து, இறகின் கண் சுரங்கப்பாதையின் வாயாக மாறுகிறது. ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒட்டு எங்கே விழுகிறது என்றே தெரியாதபடி தைத்திருக்கிறார்கள்.

டிராகுலாவின் நிழல் அவனுக்குக் கட்டுப்படாமல் தனியாக நடக்கும், ஹார்க்கரின் கழுத்தை நோக்கிக் கையை நீட்டும். நிழலுக்கென்று தனி நடிகரைப் பின்னால் நிறுத்தி எடுத்தது. 1922-ஆம் வருட ஜெர்மானிய மௌனப் படம் ஒன்றின் நிழலுக்குச் செய்த மரியாதை அது. லண்டன் தெருவில் அவன் முதன்முதலாக வெயிலில் நடந்து வரும் காட்சியைக் கையால் சுற்றும் பழைய பாத்தே கேமராவில் எடுத்தார்கள். படம் துடிக்கிறது, மனிதர்கள் வெட்டி வெட்டி நகர்கிறார்கள், அவன் மினாவைக் கண்டதும் எல்லாம் சீராகிறது. இந்தத் தந்திரங்களில் ஒன்றிரண்டு இன்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்தான். பொம்மைக் கோட்டை பொம்மையாகத் தெரியும். ஆனாலும் அசிங்கமாகத் தெரியாது. அதே தொண்ணூறுகளில் கணினியில் செய்த பல மிருகங்களை இன்று பார்க்க முடியவில்லை, அவை பிளாஸ்டிக் ஆகிவிட்டன. இங்கே கேமராவுக்கு முன்னால் நிஜமாகவே ஏதோ இருந்தது. ஒளிப்பதிவாளர் மைக்கேல் பால்ஹவுஸின் விளக்கு அதன்மேல் நிஜமாகவே விழுந்தது.

ஒப்பனைக்கும் ஒலித்தொகுப்புக்கும்கூட ஆஸ்கர் கிடைத்தது, இரண்டும் தகும். இசை போலந்து நாட்டு வோய்செக் கிலார். அடித்தந்தியில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வைத்து, அணிவகுப்பு மாதிரி ஏற்றிக்கொண்டே போகிறார். காதுக்குப் பழகிவிட்ட பேய்ப்பட இசை ஒரு இடத்திலும் இல்லை.

நடிப்பில் டிராகுலாவாக வரும் கேரி ஓல்ட்மேன் ஒருவர் மட்டும் உடைக்குச் சமமாக நிற்கிறார். இவ்வளவு துணியும் முடியும் ரப்பரும் போட்டால் உள்ளே இருக்கும் ஆள் காணாமல் போவதுதான் வழக்கம். இவர் குரலைத் தாழ்த்தி, வார்த்தைகளை மெதுவாக உருட்டி, விரல் நகத்தின் நுனிவரை நடிக்கிறார். ஹார்க்கருக்குச் சவரம் செய்யக் கத்தியை வாங்கி, ரத்தம் பட்ட அலகைத் திரும்பி நின்று நக்கும்போது அங்கியின் தோளும் சேர்ந்து சிலிர்க்கிறது. உடை போட்டவனுக்கும் உடையைச் சுமப்பவனுக்கும் வித்தியாசம் உண்டு. ஓல்ட்மேன் போட்டிருக்கிறார், ஹார்க்கராக வரும் கியானு ரீவ்ஸ் சுமக்கிறார். ரீவ்ஸின் ஆங்கிலேய உச்சரிப்பைப் பற்றி உலகமே பேசியாகிவிட்டது. மிகச் சரியாகச் செய்ய வேண்டுமென்று பாடுபட்டதுதான் அவரை விறைக்க வைத்தது என்று கொப்போலாவும் சொல்லியிருக்கிறார். எனக்கு உச்சரிப்பைவிடக் கழுத்துதான் பிரச்சினை, அந்தக் காலரை ஒரு நாளும் அவர் மறக்கவில்லை. அந்தோணி ஹாப்கின்ஸ் வான் ஹெல்சிங்காக வேண்டுமென்றே அளவு மீறுகிறார், சில இடங்களில் ரசித்தேன், பல இடங்களில் களைத்தேன். முன்கதையில் மீட்சியில்லை என்று சொல்லும் பாதிரியாரும் அவரே. ரென்ஃபீல்டாக வரும் பாடகர் டாம் வெயிட்ஸுக்கு நேரம் குறைவு, அந்தக் குறைந்த நேரத்தில் பூச்சி தின்னும் மனிதனின் பசியை நிஜமாக்குகிறார். அவர் விரல்களைப் பூட்டும் உலோகக் கூடும், மனநல விடுதிக் காவலர்கள் தலையில் கவிழ்த்திருக்கும் கூண்டும் இஷியோகாவின் கற்பனை எவ்வளவு இருண்டது என்று காட்டும்.

வினோனா ரைடர்தான் இந்தத் திரைக்கதையைக் கொப்போலாவிடம் கொண்டு சேர்த்தவர். மினாவாக அவர் பாதி வழிவரை அருமை. அப்சிந்த் என்ற பச்சை மது குடிக்கும் காட்சியில், நினைவே இல்லாத ஒரு நாட்டின் நினைவு அவருக்குள் எழும்போது, கண்ணீர் அவன் கையில் வைரமாவதை நான் நம்பினேன்.

இனி லூசி.

படம் லூசியைத்தான் மிக அழகாக உடுத்துகிறது. நெருப்புத் துணியும் பாம்பு கவுனும் பல்லி மடலும் அவளுக்கே. சேடி ஃபிராஸ்ட் அவளைச் சிரிப்பும் ஆசையும் உள்ள பெண்ணாக நடிக்கிறார், மூன்று பேர் அவளை மணக்கக் கேட்கிறார்கள், அவளுக்கு அதில் சந்தோஷம், யாருக்கும் தீங்கில்லை. பிறகு என்ன நடக்கிறது? தூக்கத்தில் நடந்துபோனவளை ஓநாய் உருவில் அவன் கல்மேல் கிடத்துகிறான். அவளுக்குச் சம்மதம் என்ற ஒன்று இருக்கவே இல்லை. ஆனால் கேமரா அதைக் காமக் காட்சியாகக் காட்டுகிறது. சின்ன வயதில் நான் இதைக் கவனிக்காமல் துணியைப் பார்த்திருந்தேன். இன்று துணியைப் பார்க்க முடியவில்லை.

அடுத்து வைத்தியம். ஆண்கள் ஒவ்வொருவராக ரத்தம் கொடுக்கிறார்கள். கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளை அறிவித்தது 1901-இல், எனவே 1897-இல் யார் ரத்தம் யாருக்குப் பொருந்தும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த அறியாமையைப் படம் சரியாகவே பிடிக்கிறது. அதன்பின் அவள் சாகிறாள், எழுகிறாள், கட்டிக்கொள்ள இருந்தவனே நெஞ்சில் முளையடிக்க, தலையை வெட்டுகிறார்கள். வெட்டிய அடுத்த நொடி எங்கே போகிறது படம்? சாப்பாட்டு மேசையில் வான் ஹெல்சிங்குக்காக நறுக்கப்படும் மாட்டிறைச்சிக்கு. தலையை வெட்டி நெஞ்சில் முளையடித்தோம், நிம்மதி அடைந்தாள் என்று வாயில் சாப்பாட்டோடு மினாவிடம் சொல்கிறார். இணைப்பு சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு பெண்ணின் இழவு வீட்டில் செய்கிற சாமர்த்தியம். மினாவின் உயிர்த்தோழி அவள். சேர்ந்து அமர்ந்து ரகசியப் புத்தகம் பார்த்துச் சிரித்தவர்கள்.

அதைவிடப் பெரிய குறை பின்னால் வருகிறது. டிராகுலா மினாவின் படுக்கையறைக்கு வந்து தான் யாரென்று சொல்லும்போது, லூசியைக் கொன்றது நீதானா என்று அவள் அவன் மார்பில் குத்துகிறாள். சில விநாடிகள்தான். அடுத்த மூச்சில் உன்னைக் காதலிக்கிறேன், கடவுள் என்னை மன்னிக்கட்டும் என்கிறாள். அதோடு லூசி முடிந்தாள். மறுபிறவிக் காதலை ஏற்றுக்கொள்வேன் என்று மேலே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் தோழியைக் கொன்றவனைக் காதலிக்கிறவளுக்கு அந்த ஒரு இரவாவது முழுதாக வேண்டும். அவள் அழட்டும், வெறுக்கட்டும், வெறுத்த பிறகும் போக முடியாமல் நிற்கட்டும். அப்படி ஒரு காட்சி இருந்திருந்தால் இந்தக் காதல் பாவம் தெரிந்த காதலாகியிருக்கும், படமும் இரண்டு மடங்கு கனத்திருக்கும். எழுதாமல் விட்டுவிட்டார்கள். நாவலில் காதல் இல்லை, அதனால் இந்தச் சிக்கலும் இல்லை. காதலைச் சேர்த்தவர்கள் அதன் விலையையும் சேர்த்திருக்க வேண்டும்.

இதனால்தான் கடைசி அரைமணி நேரம் தளர்கிறது. குதிரைகள் ஓடுகின்றன, சூரியன் இறங்குகிறது, கிலாரின் இசை முழங்குகிறது, எனக்கோ யார் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. குதிரைத் துரத்தலும் மற்ற காட்சிகளின் நேர்த்திக்குக் கிட்ட வராது. அதன்பின் கோவிலுக்குள் நுழைந்ததும் படம் தன்னை மீட்டுக்கொள்கிறது. முதலில் கடவுளை மறுத்த அதே இடம், பொன் அங்கியில் இறந்துகொண்டிருக்கும் அவன், அவனை விடுவிக்க வேண்டியவளாக மினா. ரைடர் இங்கே மறுபடி அருமை. அங்கியின் பொன் கட்டங்கள் அவள் முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கின்றன, வேறு விளக்கே தேவையில்லை போல.

சுமார் 4 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுவதும் 21 கோடிக்கு மேல் வசூலித்த படம் இது. பணம் திரையில் தெரிகிறது என்று சும்மா சொல்வார்கள், இங்கே ஒவ்வொரு டாலரும் யாரோ ஒருவர் விரலால் குத்திய ஊசியாகத் தெரிகிறது. அதனால் பார்க்கிற பிரதி முக்கியம். பழைய வட்டுகளிலும் தொலைக்காட்சி ஒளிபரப்புகளிலும் இருட்டு வெறும் சேறாக இருக்கும், சிவப்பு பழுப்பாகியிருக்கும். 2017-இல் வந்த 4கே வட்டு கிடைத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். அதில் பட்டு வேறு, வெல்வெட் வேறு, லேஸின் இழை வேறு என்று பிரிந்து தெரிகிறது. நீளம் 128 நிமிடம். குழந்தைகளை உட்கார வைத்துப் பார்க்கிற படம் அல்ல, ரத்தமும் உடலுறவும் தாராளம், லூசியின் தோட்டக் காட்சி பெரியவர்களுக்கே கஷ்டம்.

தைக்கிறவர்கள், ஒப்பனை செய்கிறவர்கள், நாடகம் போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் கட்டாயம் பாருங்கள், முதல் முறை கதைக்காக, அடுத்த முறை ஒலியை அணைத்துவிட்டு. என்னிடம் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் லூசி பெட்டிக்குத் திரும்பும் அந்தத் துண்டை மட்டும் போட்டுக் காட்டுவேன். மடல் கழுத்தில் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் விறைப்பு மாறுகிறது, எத்தனை அடுக்கு இருக்கும் என்று தாளில் வரையச் சொல்வேன். பிறகு மலிவான நெட் துணியில் கழுத்தை மட்டும் ஒரு முறை தைத்துப் பார்க்கச் சொல்வேன்.